ரேஸ் வேறு, எத்னிசிட்டி வேறு: படிவத்தில் எதை நிரப்புவது?

பாலக்காடு மாவட்டம் சித்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகள் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். படிவத்தில் ரேஸ், எத்னிசிட்டி என்று இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் இனம் என்றுதானே பொருள்? 'திராவிட இனம்' என்று சான்றிதழ் இருந்தால் இடம் உறுதி என்று சொல்லித் தரகர் ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அப்படியொரு சான்றிதழை எந்த வில்லேஜ் ஆபீசும் வழங்குவதில்லை; அங்கே தருவது சாதிச் சான்றிதழ், அதற்கும் இந்தக் கட்டங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனிலேயே தீர்ப்பளித்துவிட்டது. இனத்தைக் காட்டி இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

ரேஸ் என்பது நிறம், முடி, முக அமைப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பிறர் நம்மை அடைக்கும் கட்டம். அது இரத்தத்தில் எழுதப்பட்டதன்று. 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பு, சீக்கியரையும் சேர்த்து, இந்தியர்களை 'ஹிந்து' என்ற ரேஸில் அடைத்தது; 1970இல் அதே இந்தியர் வெள்ளையர் கணக்கில் சேர்ந்தனர்; 1980இல் 'ஏஷியன் இந்தியன்' ஆயினர். எத்னிசிட்டியோ மொழி, வழக்கம், பூர்வீகம் ஆகியவற்றால் ஒரு கூட்டம் தன்னை இன்னாரென்று அறிந்துகொள்வது. வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இப்பால் ஒரு மகளையும் அப்பால் ஒரு மகளையும் கட்டிக்கொடுத்த பாட்டிகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்: ஒரு பேரன் ஓணப் பூக்களமிடும் மலையாளியாகவும் மற்றவன் பொங்கல் வைக்கும் தமிழனாகவும் வளர்கிறான், முகச்சாடை மட்டும் ஒன்றே. ரேஸ், எத்னிசிட்டி இரண்டையும் 'இனம்' என்றே பெயர்த்து, போதாதென்று சாதிக்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் கேட்பாரில்லை.

ரேஸ் கட்டத்தில் 'ஏஷியன்' என்று குறியுங்கள். 'இந்தியன்' என்ற சொல்லைக் கண்டதும் 'அமெரிக்கன் இந்தியன்' என்பதைக் குறித்துவிடாதீர்கள். அவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள்.

எத்னிசிட்டி கட்டம் உங்கள் மொழியைக் கேட்கவில்லை. அமெரிக்க அரசின் 1997ஆம் ஆண்டு விதிப்படி அது கேட்பதெல்லாம் 'ஹிஸ்பானிக் (ஸ்பானியப் பண்பாட்டின் வழிவந்தோர்) அல்லது லத்தினோ'வா என்பது ஒன்றுதான். ரேஸ், எத்னிசிட்டி இரண்டையும் ஒரே கேள்வியாக்கும் விதி 2024 மார்ச்சில் வந்தும் பழைய படிவங்கள் ஒழிந்தபாடில்லை. இங்கே லத்தீன் கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சான்றிதழில் 'லத்தீன்' என்றிருப்பது வழிபாட்டு முறையைக் குறிப்பது. லத்தினோ என்பது லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தோரைக் குறிப்பது. வீட்டுப் பெயர் பெர்னாண்டஸ் என்றிருந்தாலும், ஞானஸ்நானப் பதிவேட்டில் எது எழுதியிருந்தாலும், விடை 'இல்லை' என்பதே.

சொந்தமாக எழுத இடம் விட்டிருந்தால் உங்கள் மகள் 'தமிழ்' என்று எழுதட்டும். அதற்கு யாருடைய முத்திரையும் வேண்டியதில்லை.