ஏஜெண்ட் கொடுத்த வாடகைக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. பின்னால் இரண்டு அவுட்பில்டிங், அதாவது தனியாகக் கட்டிய சிறு வீடுகள். மூன்று குடும்பங்களிடமிருந்து மாதம் 14,500 ராண்ட் வருகிறது என்று ஏஜெண்ட் ஒரு தாள் கொடுத்தார். ஒரு குடும்பத்துக்குத்தான் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. வாங்கலாமா? – பீனிக்ஸ் வாசகி

அந்தத் தாளை ஓரமாக வையுங்கள் அம்மா. அதை எழுதியவருக்கு வீடு விற்றால்தான் கமிஷன்.

வீட்டுக்காரரின் பேங்க் ஸ்டேட்மெண்டை ஒரு வருடத்துக்குக் கேளுங்கள். மாதாமாதம் அதே தொகை அதே பெயரில் வந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். "கையில்தான் வாங்குகிறோம்" என்றால் ரசீது எங்கே? வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்று 1999ஆம் வருட வாடகை வீட்டுச் சட்டமே சொல்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் குடிவந்தவர்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. விற்பதற்கு முன் உறவுக்காரர்களைக் குடிவைத்து, வாடகையைக் கூட்டி எழுதுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பத்திரம் மாறிய மறுமாதமே வீடு காலியாகிவிடும்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, குடியிருப்பவர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ஏஜெண்ட் கூட வர வேண்டாம். வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, பாக்கி உண்டா, ரிப்பேர் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்களா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

"வாங்கியதும் காலி செய்துவிடலாம்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பொய். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் இந்த நாட்டில் செல்லும். வீடு கைமாறினாலும் ஒப்பந்தம் அப்படியே தொடரும்; பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள், அவ்வளவுதான். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. அந்த உத்தரவுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். நியாயமான வீட்டுக்காரரும் அலைகிறார், நியாயமான குடித்தனக்காரரும் அலைகிறார். இத்தனை வருடமாகியும் இதைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் ஏஜெண்டுகள் திரித்துச் சொல்கிறார்கள். கடன் கட்டாத வீட்டை பேங்க் ஏலம் விடும்போது, வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே அந்தக் கடன் பதிவாகியிருந்தால், முதலில் அந்த வாடகை ஒப்பந்தம் தொடரும் என்ற நிபந்தனையோடு ஏலம் விடுவார்கள். அந்த விலை கடனை அடைக்கப் போதாவிட்டால் மட்டும், ஒப்பந்தம் இல்லாமல் விற்கலாம். அப்போதும் ஆட்களை வெளியேற்ற கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். உங்களுடையது ஏலமே இல்லை, சாதாரண விற்பனை. அதனால் இந்தப் பேச்சு உங்களுக்குப் பொருந்தாது.

டெபாசிட் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அது வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டிய பணம். நாளை வீட்டைக் காலி செய்பவர் உங்களிடம்தான் வந்து கேட்பார். பத்திரம் மாறும் அன்றே டெபாசிட் வட்டியோடு உங்கள் கைக்கு வர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏஜெண்டிடம் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழையும் (ஏஜெண்டாகத் தொழில் செய்ய வேண்டிய அனுமதிச் சான்று) கேளுங்கள். அது இல்லாதவர் கமிஷன் வாங்கவே கூடாது. காட்டத் தயங்கினால் அவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.