நேரம் எழுதாத சீட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (காரைக்குடி வாசகர்): மகன் வீட்டுக்கு அமெரிக்கா சென்றிருந்தபோது, மொன்டானா மாநிலத்தில் உள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தைப் பார்த்து வந்தேன். அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரோடு சென்ற ஐந்து கம்பெனிக் குதிரைவீரர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்கிறார்கள். அப்படியிருக்க, இத்தனை மணிக்கு இந்த மேட்டில் நின்றார், இத்தனை மணிக்கு அந்த ஓடையில் இறங்கினார் என்று நிமிடக் கணக்கில் எப்படிச் சொல்ல முடிகிறது?

பதில்: ஒருவர்கூடத் திரும்பவில்லை என்பதில் சிறு திருத்தம் உண்டு. கடைசிச் சண்டை தொடங்கச் சற்று முன்பு வரை கஸ்டரோடு இருந்து, செய்தியுடன் அனுப்பப்பட்டதால் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜான் மார்ட்டின் என்னும் எக்காள வீரர். இத்தாலியில் பிறந்த அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால், கஸ்டரின் துணை அதிகாரி குக், வேறு பிரிவோடு சென்றிருந்த பென்டீன் என்னும் அதிகாரிக்குச் செய்தியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ‘பென்டீன், வாரும். பெரிய கிராமம். விரைந்து வாரும். மூட்டைகளைக் கொண்டுவாரும்’ என்பது அதன் சாரம். அவசரத்தில், கையொப்பத்துக்குக் கீழே மூட்டைகளை மறுபடியும் நினைவூட்டியிருக்கிறார். மூட்டை என்றது கோவேறு கழுதைகள் சுமந்து வந்த தோட்டாப் பொதிகளை. இந்தச் சீட்டு இன்றும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. அதில் இல்லாதது ஒன்றுதான்: எழுதிய நேரம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நூறாண்டு வாதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

1876 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கூடியிருந்த லகோட்டா, செயன் பழங்குடி மக்களின் பெரிய குடியிருப்பைத் தாக்க வந்த ஏழாவது குதிரைப்படையை, லெப்டினன்ட் கர்னல் கஸ்டர் நண்பகல் வாக்கில் பிரித்தார். தம் கீழிருந்த அதிகாரி ரீனோவுக்கு மூன்று கம்பெனி, பென்டீனுக்கு மூன்று, பொதிகளுக்குக் காவலாக ஒன்று. தாம் ஐந்து கம்பெனிகளோடு, சுமார் 210 பேருடன், கிழக்குக் கரை மேடுகளின் வழியாக வடக்கே சென்றார். ரீனோ குடியிருப்பின் தென்முனையைத் தாக்கி, தாக்குப்பிடிக்க முடியாமல் ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறினார். சீட்டைப் பெற்ற பென்டீன் அவரோடு அங்கே சேர்ந்துகொண்டார். கஸ்டரிடம் எவரும் போய்ச் சேரவில்லை.

ரீனோ தம் கடமையில் தவறினாரா என்று விசாரிக்க 1879-இல் சிகாகோவில் ராணுவ விசாரணை மன்றம் கூடியபோது, சாட்சிகள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். படையின் வழிக்குறிப்பை எழுதிவந்தவர் வாலஸ் என்னும் இளம் அதிகாரி. படை பிரிந்தது 12 மணி கழிந்து சில நிமிடங்களில் என்பது அவர் கடிகாரக் கணக்கு. ஆனால் அது எந்த ஊர் 12 மணி? அமெரிக்காவில் மண்டல நேரம் நடைமுறைக்கு வந்ததே 1883 நவம்பரில்தான். அதற்கு முன்பு ஒவ்வோர் ஊருக்கும் தனி நேரம். படையின் கடிகாரங்கள் சிகாகோ நேரத்தில் ஓடின என்போரும், செயின்ட் பால் நகர நேரத்தில் ஓடின என்போரும் உண்டு.

இது நம்மூர்க்காரருக்குப் புதிதன்று. கொண்டுவிற்கப் போன இடத்தில், ரங்கூனில் பிறந்த பிள்ளைக்கு இங்கே ஜாதகம் கணித்த நாட்களில், ஜோதிடர் முதலில் கேட்டது ‘எந்த ஊர் மணி?’ என்பதைத்தான். தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ரங்கூனுக்கும் காரைக்குடிக்கும் இடையே 17 பாகைக்குச் சற்று மேல் என்பதால், ஏறத்தாழ 70 நிமிடம், அதாவது மூன்று நாழிகைக்குச் சற்றுக் குறைவு, கழித்தாக வேண்டும். கழிக்காவிட்டால் லக்னமே மாறிவிடும். சிகாகோவுக்கும் அந்தப் போர்க்களத்துக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 20 பாகை; வேறுபாடு 79 நிமிடம். வாலஸின் கடிகாரம் சிகாகோ நேரத்தைக் காட்டியிருந்தால், அவர் 12 என்று எழுதியபோது களத்து வெயிலின்படி பதினொன்றுகூட ஆகவில்லை. செயின்ட் பால் நேரம் என்றால் கழிக்க வேண்டியது 57 நிமிடம்.

இந்தக் கணக்கால் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த விளைவு வேறொன்று. எதிர்த்துப் போரிட்ட பழங்குடி வீரர்களிடம் கடிகாரம் இல்லை. சூரியன் நின்ற இடத்தை வைத்தே அவர்கள் நேரம் சொன்னார்கள். சண்டை உச்சிப்பொழுதை ஒட்டித் தொடங்கியது என்று அவர்களில் சிலர் சொன்னதும், மூன்று மணி வாக்கில் என்று சிப்பாய்கள் சொன்னதும் முரணாகத் தோன்றியதால், முன்னவர் பேச்சு நெடுங்காலம் பிழையென்று தள்ளப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்டதைக் கழித்துப் பார்த்தால், முரணின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. வென்றவர்களின் வாய்மொழியைக் கேளாமல் விட்டது அந்நாளைய ஆய்வின் பெருங்குறை.

இனி நிமிடக் கணக்குக்கு வருகிறேன். ஜான் கிரே என்னும் ஆய்வாளர் செய்ததை, நகரத்தார் கடைகளில் ஐந்தொகை எடுத்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கஸ்டர், ரீனோ, பென்டீன், பொதிக் கழுதைகள், தூதர்கள், படைக்கு வழிகாட்டிய குரோ இனத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பேரேடு. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், இடையே உள்ள தொலைவு, குதிரையின் வேகம் ஆகியவை அதன் பதிவுகள். இருவர் சந்தித்த இடத்தில் இருவர் ஏட்டிலும் ஒரே நேரம் விழ வேண்டும். மார்ட்டின் சீட்டைக் கொடுத்த நேரம் பென்டீன் ஏட்டிலும் அதுவாகவே இருக்க வேண்டும். பென்டீன் மேட்டை அடைந்த நேரம் ரீனோ பின்வாங்கி ஏறிய நேரத்தோடு பொருந்த வேண்டும். ஓரிடத்தில் இடித்தால், எந்தப் பதிவு தவறு என்று பின்னோக்கித் தேட வேண்டும். போர்க்களத்தில் எழுதிவைத்திருக்கும் நேரங்களில் கால் மணி முன்பின் இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எதற்குப் பின் எது நடந்தது என்ற வரிசையையும், இடையே சென்ற பொழுதையும் அதைவிட உறுதியாக நம்பலாம் என்பது என் கருத்து.

தூதர்கள் பிரிந்த பிறகு நடந்தவற்றுக்கு நிலமே சாட்சி. 1983 ஆகஸ்டில் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டதும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் உலோகங்காட்டிக் கருவிகளோடு களத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் சுடும் ஊசியும் தோட்டா உறையின் அடியில் தனக்கே உரிய தழும்பைப் பதிக்கிறது. ஒரே தழும்புடைய உறைகள் ஒரு மேட்டிலும், அங்கிருந்து தள்ளி இன்னொரு மேட்டிலும் கிடைத்தால், அந்தத் துப்பாக்கி சென்ற தடம் தெரிந்துவிடும். விரல்நுனி அளவே உள்ள பித்தளைத் துண்டு, பெயர் தெரியாத ஒரு வீரனின் கடைசி ஓட்டத்தை நூறாண்டுக்குப் பின் நமக்குக் காட்டுகிறது.

கேள்வி (தேவகோட்டை வாசகி): குதிரைப்படையின் வேகத்தை ஆய்வாளர்கள் எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? குதிரைக்குக் குதிரை வேறுபடாதா?

பதில்: வேறுபடும், ஆனால் படையாகச் செல்லும்போது தனிக் குதிரையின் வேகத்துக்கு இடமில்லை. அக்கால அமெரிக்கக் குதிரைப்படை விதிகளின்படி, நடை என்றால் மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், மெல்லோட்டம் 12 முதல் 13, நாலுகால் பாய்ச்சல் 19. காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் என்று கொண்டால், நடையில் ஒரு மணி நேரம், மெல்லோட்டத்தில் அரை மணி, பாய்ச்சலில் இருபது நிமிடத்துக்குள். ரீனோ நின்ற மேட்டுக்கும் கஸ்டர் வீழ்ந்த மேட்டுக்கும் இடையே உள்ள தொலைவும் இதற்குச் சற்றே கூடுதல்தான்.

காகிதத்தில் இது எளிது. அன்றைய குதிரைகளோ 22-ஆம் தேதி முதல் ஓயாமல் நடந்தவை. 24-ஆம் தேதி நள்ளிரவிலும் ஓட்டப்பட்டவை. விடியலில் தங்கிய இடத்தில் தண்ணீர் உவராக இருந்ததால் வாய்வைக்க மறுத்தவை. மேலும், 210 குதிரைகளை இரண்டிரண்டாக வரிசைப்படுத்தினால், குதிரைக்கு நான்கு மீட்டர் என்று வைத்தாலும் 400 மீட்டருக்குக் குறையாது. தலை ஒரு சரிவில் இறங்கி இரண்டு நிமிடம் கழித்தே வால் அங்கு வந்துசேரும். ‘கஸ்டர் ஓடைக்கு வந்த நேரம்’ என்று எழுதுபவர் முன்வரிசையைச் சொல்கிறாரா, கடைசி வரிசையைச் சொல்கிறாரா என்று பார்ப்பது நல்லது. மார்ட்டின் சீட்டைக் கொண்டுவந்தபோது அவர் குதிரை குண்டடி பட்டு இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பென்டீன் காட்டிய பிறகே அவர் அதைக் கண்டார். அந்தக் குதிரைக்கு விதிநூல் வேகத்தைப் போட்டுக் கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (கல்லல் மாணவர்): இதே முறையை நம் காளையார்கோவிலில் செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், எனக்கும் நெடுநாளைய ஆசை. லிட்டில் பிக்ஹார்னுக்குச் சரியாக 104 ஆண்டுகள் முன்பு, 1772-இல், அதே ஜூன் 25-ஆம் தேதியன்றுதான் காளையார்கோவிலில் கும்பினிப் படை கிழக்கிலிருந்து ஜோசப் ஸ்மித் தலைமையிலும் மேற்கிலிருந்து பான்ஜோர் தலைமையிலும் நெருங்கியது. மன்னர் முத்துவடுகநாதர் வீரமரணம் அடைந்தார். எனினும் நீங்கள் தொடங்க ஏற்றது 1801 என்பேன். கர்னல் அக்னியூவின் படை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிறுவயலில் முகாமிட்டு, காளையார்கோவிலை நோக்கிக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, ஆகஸ்ட் மாதம் முழுவதும் மருதுபாண்டியரின் வீரர்களால் அலைக்கழிக்கப்பட்டு, பின்பு அந்த முயற்சியையே கைவிட்டது. வேறு வழிகளில் வந்தே அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தது. அப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி நாள்வாரியாக எழுதிய குறிப்புகள் உள்ளன. அங்கே கணக்கின் அலகு நிமிடமன்று, நாள். வேகத்தைத் தீர்மானித்தது குதிரையன்று, கோடாலி.

மொன்டானாவின் புல்வெளி பெரும்பாலும் அன்றிருந்தபடியே இருக்கிறது. நம் பக்கத்திலோ அந்த அடர்காடு போய், வயலும் கண்மாயும் சீமைக்கருவேலமுமாகிவிட்டது; ஆகவே இன்று ஒரு மேட்டில் நின்று, எதிரி தெரிந்திருப்பான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கண்மாய்க் கரைகளையும் கோயில் மதிலையும் அளவுக்கல்லாகக் கொண்டு, வெல்ஷ் சொல்லும் ஊர்களுக்கு இடையே நடந்து பாருங்கள். வழியில் ஈயக்குண்டோ பழம்பொருளோ கண்ணில் பட்டால் கையில் எடுக்க வேண்டாம். கிடக்கும் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் நமக்கு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.