மூன்று வாரமாக விடாத வறட்டு இருமல்

கேள்வி: எனக்கு வயது 38. மன்னார்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன்; அறுவடை இயந்திரம் ஓட்டுகிறேன். பெரும்பாலான மாலைகளில் ஒரு குவார்ட்டர் குடிக்கும் பழக்கம் இருந்தது. பொங்கலை ஒட்டி மூன்று நாள் அளவுக்கு மீறிக் குடித்தேன். கடைசி இரவு மல்லாந்து படுத்தபடியே வாந்தி எடுத்ததாக மனைவி சொல்கிறார். அன்றோடு பயந்து நிறுத்திவிட்டேன். மறுநாள் தொடங்கிய வறட்டு இருமல் மூன்று வாரமாகியும் விடவில்லை, படுத்தால் கூடுகிறது. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. சில நேரம் மூச்சு முழுதாக உள்ளே போகாதது போலத் தோன்றி, பெருமூச்சு விட்டால்தான் அடங்குகிறது; அப்போது விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. காய்ச்சல் இல்லை, பீடி சிகரெட் பழக்கமும் இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய இருமல் மருந்து கேட்கவில்லை. நுரையீரல் கெட்டுவிட்டதா? குடித்ததை டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எனக்கு எழுதியதை ஒரு வரி விடாமல் டாக்டரிடமும் சொல்லுங்கள். ‘இருமல்’ என்று மட்டும் கேட்கும் மருத்துவர் ஒவ்வாமைக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடக்கூடும். ‘மூன்று நாள் குடி, படுத்தபடி வாந்தி, மறுநாளே இருமல்’ என்று கேட்பவரோ முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வலப்பக்க நுரையீரலின் கீழ்ப்பகுதியை நின்று கேட்பார். வலப்பக்க மூச்சுக்குழாய் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், புரையேறிய வாந்தி பெரும்பாலும் அங்குதான் போய்ச் சேரும். போதை மிகுந்த நிலையில் புரையேறினால் உடனே இருமித் தள்ளும் இயல்பு மழுங்கிவிடுவதால், உள்ளே போனது நமக்கே தெரியாது.

நுரையீரல் கெட்டுவிட்டது என்று சொல்லும்படி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. மூன்று வாரமாகக் காய்ச்சல் இல்லாதது நல்ல அறிகுறி. படுத்தால் கூடும் இருமலும், தொண்டையில் ஒட்டியிருக்கும் உணர்வும், இரைப்பை அமிலம் மேலேறி வருவதைத்தான் எனக்கு முதலில் நினைவூட்டுகின்றன. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையத்தை மது தளர்த்திவிடுகிறது. அமிலம் தொண்டை வரை எதுக்களித்து, குரல்வளையைப் புண்ணாக்குகிறது. நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இது நடக்கலாம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். புண்பட்ட தொண்டை ஆறப் பல வாரங்கள் ஆகும் என்பதால் நான்கு நாளில் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

மூச்சு பற்றிய உணர்வு வேறு கணக்கு. நாள்தோறும் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது, சில மணி நேரத்திலேயே படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும்; அவை தணிந்த பிறகும் பதற்றம் சில வாரம் தங்கும். பதற்றத்தில் நாம் அறியாமலே வேகமாக மூச்சு விடுகிறோம். இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போவதும், காற்று போதவில்லை என்ற உணர்வும் அதனால் வருபவை. அந்த நேரத்தில் உட்கார்ந்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். ஆனால் எல்லாம் பதற்றம்தான் என்று நீங்களாகவே முடிவு கட்ட வேண்டாம். ஒரு முறை இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது ஆகியவை மதுவால் இதயத் தசை தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். இருமலில் இரத்தம், விடாத நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள்.

குடியை நிறுத்தியதற்கு உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். இருந்தாலும் ஓர் எச்சரிக்கை: மீண்டும் தொடங்கி மீண்டும் தனியாக நிறுத்த வேண்டாம். நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. மனம் தடுமாறினால் அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம். தூக்கம் தரும் இருமல் மருந்தும் மதுவும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் மது பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் தொழிலையும் மறக்க முடியவில்லை. சம்பா அறுப்பில் இயந்திரத்தைச் சுற்றிப் பறக்கும் நெற்சுணையும் தூசியும் இருமலைத் தூண்டும். பூஞ்சை பிடித்த ஈர வைக்கோலைக் கிளறியவர்களில் சிலருக்கு அன்று மாலையே இருமலும் குளிர்காய்ச்சலும் வருவதுண்டு. மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் அணிந்து வேலை செய்யுங்கள், துண்டு போதாது.

இத்தனையும் சொன்ன பிறகும், காசநோய்ப் பரிசோதனை இல்லாமல் உங்களை விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் அது தேவை. ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நாள்தோறும் 40 கிராமுக்கு மேல் குடிப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பரிசோதனைக்குச் சளி கேட்பார்கள்; வறட்டு இருமலில் சளிக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். முதலில் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்து, ஆழமாக இரண்டு மூன்று முறை மூச்செடுத்து நெஞ்சிலிருந்து இருமினால் சிறிதளவாவது வரும். எச்சில் மட்டும் வந்தால் அதை மருத்துவப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். வேறு வழியில் எடுத்துத் தருவார்கள்.