ஒரு 'ரவுண்ட்', ஐந்து வேலை: ஆங்கில இலக்கணக் கேள்வி பதில்

ஒரே ஆங்கிலச் சொல் நவுனாகவும் (பெயர்ச்சொல்) வெர்பாகவும் (வினைச்சொல்) இன்னும் பலவாகவும் வருவதைப் பற்றி இந்த முறை கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் "இந்தச் சொல் நவுனா, வெர்பா?" ரகம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: தனிச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், வாக்கியத்தோடு வாருங்கள். வாக்கியம் இல்லாத கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் பதில் கிடைக்காது.

பத்தாம் வகுப்பு மாணவி: டீச்சர், 'ரவுண்ட்' அஞ்சு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சா, அதாவது அஞ்சு சொல் வகையா வரும்னு எங்க மிஸ் சொன்னாங்க. எனக்கு நாலுதான் கிடைச்சுது.

உங்கள் மிஸ் சொன்னது சரி. 'எ ரவுண்ட் டேபிள்', இது அட்ஜெக்டிவ், பெயரை வர்ணிக்கும் சொல். 'தி செகண்ட் ரவுண்ட்', முன்னால் 'தி' இருக்கிறது, எண் இருக்கிறது, ஆகவே நவுன். 'தி பஸ் ரவுண்டட் தி கார்னர்', இறந்தகால 'ஈடி' ஏறியிருக்கிறது, வெர்ப். 'தி எர்த் கோஸ் ரவுண்ட் தி சன்', பின்னால் 'தி சன்' என்ற நவுனைப் பிடித்து நிற்கிறது, ப்ரிபொசிஷன். 'ஷி டர்ன்ட் ரவுண்ட்', பின்னால் ஒன்றுமே இல்லை, 'டர்ன்ட்' என்ற வெர்போடு மட்டும் உறவு, அட்வெர்ப்.

கடைசி இரண்டையும் நீ ஒன்றாக எண்ணியிருப்பாய். இரண்டுக்கும் தமிழில் 'சுற்றி' என்றே வருவதால் அப்படித் தோன்றும். தமிழ் அர்த்தத்தை வைத்து ஆங்கில வகையை முடிவு செய்யக் கூடாது. சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது, பின்னால் என்ன நிற்கிறது, வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார். 'தி', 'எ', 'மை' முன்னால் வந்தால் நவுன் பக்கம் போ. 'கேன்', 'வில்', 'டு' வந்தால் பெரும்பாலும் வெர்ப். 'டு'வில் மட்டும் கவனம். 'கோ டு ஸ்கூல்' என்பதில் 'ஸ்கூல்' வெர்ப் ஆகிவிடாது.

டெட் (ஆசிரியர் தகுதி) தேர்வுக்குப் படிப்பவர்: மேடம், இப்படிப் பல வகையா வர்ற 100 வார்த்தைக்கு லிஸ்ட் பிடிஎஃப் கிடைக்குமா?

கிடைக்காது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்தான் தேர்வில் வாக்கியத்தைப் படிக்காமல் விடை போடுகிறார்.

ஐடி ஊழியர்: ஆங்கிலத்துல மட்டும் ஏன் இப்படி? நாம 'கால் பண்ணு', 'யூஸ் பண்ணு'ன்னு ஒட்டு வச்சுத்தானே பேசுறோம்?

நல்ல கேள்வி, கொஞ்சம் உட்காருங்கள்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. அன்பு என்ற நவுன் 'லுஃபு'. அன்பு செய் என்ற வெர்ப் 'லுஃபியன்'. விகுதியைப் பார்த்தாலே இன்னது இன்னது என்று தெரிந்துவிடும். அடுத்த சில நூற்றாண்டுகளில் அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. இரண்டும் 'லவ்' என்ற ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. விகுதி செய்த வேலையைச் சொல் நிற்கும் இடம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு ஆங்கிலேயருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எந்த நவுனையும் வெர்ப் நிற்கும் இடத்தில் நிறுத்தினால் அது வெர்ப்! ஷேக்ஸ்பியர் 'அங்கிள்' என்பதைக்கூட வெர்பாக ஓட்டியிருக்கிறார். இலக்கணத்தில் இதற்கு 'கன்வர்ஷன்' என்று பெயர்.

இதைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு. 1789இல் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், அகராதி செய்த நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' ஆகியவற்றை வெர்பாக எழுதுகிறார்களே என்று குறைபட்டுக்கொண்டார். இன்று அந்த மூன்றையும் வெர்பாக எழுதினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 2006இல் 'கூகுள்' வெர்பாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் போயிற்று. யாராவது "இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்கிற அநியாயம்" என்றால் ஃப்ராங்க்ளின் கடிதத்தைச் சொல்லுங்கள்.

தமிழ் விஷயத்தில் நீங்கள் கவனித்தது சரி. கடன் வாங்கிய சொல்லை நாம் நேரடியாக வெர்ப் ஆக்குவதில்லை. 'ஃபோன்' என்பதில் கால இடைநிலையையும் விகுதியையும் ஒட்டி 'ஃபோனினேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'பண்ணு', 'அடி', 'ஆகு' என்று ஒரு வினையைத் துணைக்கு அனுப்புகிறோம். காலத்தையும், செய்தது நானா நீயா அவரா என்பதையும் காட்டும் உறுப்புகளை அந்தத் துணைவினை சுமக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அம்மா, தமிழில் இல்லாததுபோல் எழுதிவிட்டீர்களே. 'அடி' வினையும் ஆகும், பெயரும் ஆகும். 'கல்' என்பதும் அப்படியே.

ஐயா, 'அடி'யை ஒப்புக்கொள்கிறேன், 'கல்'லை ஒப்புக்கொள்ள மாட்டேன். 'அவனுக்கு நல்ல அடி' என்பதில் வினைப்பகுதியே விகுதி பெறாமல் பெயராக நிற்கிறது. முதனிலைத் தொழிற்பெயர் என்று நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். ஆங்கிலத்தின் 'ஹிட்' வெர்பும் நவுனும் அதே போலத்தான். ஆனால் தெருவில் கிடக்கும் கல்லும், பாடம் கல் என்பதும் உறவில்லாத இரண்டு சொற்கள், ஒலி மட்டும் ஒன்று. ஆங்கிலத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு. கிணறு என்ற 'வெல்'லும் நன்றாக என்ற 'வெல்'லும் வெவ்வேறு சொற்கள். கண்ணீர் பொங்குவதைச் சொல்லும் 'வெல்' என்ற வெர்ப் மட்டும் கிணற்றுக்குச் சொந்தம்.

பெயர் தராதவர்: 'ஃபாஸ்ட்' நவுனா, அட்ஜெக்டிவா?

வாக்கியம் எங்கே?

இன்னொருவர்: 'ஃபாஸ்ட்' அட்வெர்பா வந்தா 'ஃபாஸ்ட்லி'ன்னு எழுதணுமா? 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்லி'?

வேண்டாம். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்'. அட்ஜெக்டிவும் அட்வெர்பும் அங்கே ஒரே வடிவம். இதே கையோடு 'ஹார்ட்'டையும் சொல்லிவிடுகிறேன், வருஷா வருஷம் விண்ணப்பக் கடிதங்களில் பார்க்கிற தவறு. 'ஐ வொர்க் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறேன். 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்றால் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. எந்த அதிகாரிக்கு அனுப்புகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய்: மகள் 'ரெக்கார்ட்' என்பதையே இரண்டு விதமாகச் சொல்கிறாள். ஸ்கூலில் தப்பாகச் சொல்லித் தருகிறார்களா?

இல்லைங்க, சரியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். நவுன் என்றால் முதல் அசையில் அழுத்தம், வெர்ப் என்றால் இரண்டாவதில். 'எக்ஸ்போர்ட்', 'பெர்மிட்', 'ஆப்ஜெக்ட்', 'ப்ரெசன்ட்' எல்லாம் இப்படித்தான். ஆனால் 'ரிப்போர்ட்', 'ரிப்ளை' இரண்டிலும் அழுத்தம் மாறாது, அங்கேயும் மாற்றிச் சொன்னால் திருத்துங்கள். 'யூஸ்' என்பதில் அழுத்தத்துக்குப் பதிலாகக் கடைசி ஒலி மாறும். நவுனில் 'எஸ்' ஒலி, வெர்பில் 'இசட்' ஒலி. 'அட்வைஸ்' எழுத்திலேயே பிரியும்: நவுனுக்குச் 'சி', வெர்புக்கு 'எஸ்'. 'ப்ராக்டிஸ்' எழுதும்போதும் பிரிட்டிஷ் வழக்கில் அதே கணக்கு. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் 'சி' போடுகிறார்கள்.

கல்லூரி மாணவர்: பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டா, ஒன்பதா?

எண்ணுகிறவரைப் பொறுத்தது. 1795இல் வந்த லிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கண நூல் 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிளைத் தனியாக எண்ணி ஒன்பது என்றது. நம் பள்ளிகளில் எட்டு. தமிழிலோ பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு முடித்துவிட்டார்கள்.

பயிற்சி மைய ஆசிரியர்: 'ஸ்கூல் பஸ்' என்பதில் 'ஸ்கூல்' அட்ஜெக்டிவ் என்றே நடத்துகிறேன். நவுனை வர்ணிப்பது அட்ஜெக்டிவ் என்பதுதானே விதி?

அந்த விதியில்தான் சிக்கல். வர்ணிப்பது ஒரு வேலை. அந்த வேலையை அட்ஜெக்டிவும் செய்யும், நவுனும் செய்யும். 'வெரி ஸ்கூல் பஸ்' என்று சொல்ல முடியுமா? 'தி பஸ் இஸ் ஸ்கூல்' என்று? முடியாது. அது நவுன்தான்.

அதே ஆசிரியர்: 'மெயின் ரோடு' எடுத்துக்கொள்ளுங்கள். 'வெரி மெயின்' கிடையாது, 'தி ரோடு இஸ் மெயின்' கிடையாது. அப்போது 'மெயின்' அட்ஜெக்டிவ் இல்லையா? உங்கள் சோதனை தோற்றுவிட்டதே.

சரியான அடி. அந்தச் சோதனையில் தேறாத அட்ஜெக்டிவ்கள் உண்டு. 'மெயின்', 'ஃபார்மர்', 'மியர்' எல்லாம் அந்தக் கூட்டம். ஆகவே இன்னும் உறுதியான சோதனைக்குப் போவோம். 'பிரைமரி ஸ்கூல் பஸ்' என்கிறோம். 'பிரைமரி' எதை வர்ணிக்கிறது? பஸ்ஸை அல்ல, ஸ்கூலை. 'பிரைமரி' அட்ஜெக்டிவ், அட்ஜெக்டிவ் உட்காருவது நவுன் மேல். ஆகவே பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும்போதும் 'ஸ்கூல்' நவுனாகவே இருக்கிறது. அட்ஜெக்டிவ் ஆகியிருந்தால் அதன் மேல் ஓர் அட்வெர்ப் அல்லவா உட்கார வேண்டும்? 'ஸ்போர்ட்ஸ் டே'யையும் பாருங்கள். முதல் சொல்லில் பன்மை 'எஸ்' அப்படியே நிற்கிறது. ஆங்கில அட்ஜெக்டிவ் பன்மை காட்டாது.

தமிழாசிரியர் மீண்டும்: இதில் உங்கள் பக்கம் நிற்கிறேன் அம்மா. பொற்குடம் என்பதில் 'பொன்' குடத்தைச் சிறப்பிக்கிறது. அதற்காக யாரும் அதைப் பெயரெச்சம் என்பதில்லை. பொன்னால் ஆகிய குடம், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அதாவது 'ஆல்', 'ஆகிய' இரண்டும் மறைந்து நிற்கும் தொடர். பெயர் பெயராகவே இருக்கிறது.

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது ஐயா. 'ஸ்டோன் வால்' நம் பொற்குடம்தான்.

பயிற்சி மைய ஆசிரியர்: அப்படியானால் 'ஃபன்'? பிள்ளைகள் 'வெரி ஃபன்', 'சோ ஃபன்' என்கிறார்கள். உங்கள் சோதனைப்படி அது அட்ஜெக்டிவ் ஆகிவிட்டது. ஏற்பீர்களா?

பேச்சில் ஆகிக்கொண்டிருக்கிறது, ஏற்கிறேன். 'கீ'யும் அப்படியே. 'திஸ் பாயிண்ட் இஸ் கீ' என்று செய்தித்தாளிலேயே வருகிறது. நவுனாக இருந்து நகர்ந்தவை இவை. 'ஸ்கூல்' நகரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 'சோ ஃபன்' என்று கட்டுரையில் எழுதினால் மட்டும் அடிக்கோடு போடுவேன். அங்கே இன்னும் 'சோ மச் ஃபன்'தான் பாதுகாப்பு.

ஒருவர்: 'பட்' எத்தனை வகை? 'தட்' எத்தனை வகை? 'லைக்' எத்தனை?

மூன்றுக்கும் வாக்கியம் இல்லை. முதலாவதுக்கு மட்டும், போனால் போகிறது: 'ஆல் பட் ஒன்' என்பதில் 'பட்' ப்ரிபொசிஷன், தவிர என்று பொருள்.

கவனமாகப் படிக்கும் ஒருவர்: 'தி ஓல்ட் மேன் தி போட்ஸ்.' இந்த வாக்கியத்தில் வெர்ப் விட்டுப்போய்விட்டதா?

விட்டுப்போகவில்லை, 'மேன்'தான் வெர்ப். படகுகளை ஓட்ட ஆளாக நிற்பது என்று பொருள். 'தி ஓல்ட்' என்பது முதியவர்கள், அங்கே எழுவாய் முடிகிறது. 'ஓல்ட் மேன்' என்று சேர்த்துப் படிக்கும் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. 'தி யங் மேன் தி போட்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள், அதே கதை.

இன்னும் ஒருவர்: 'ஃபாஸ்ட்' நவுனா?

மேலே போய்ப் படியுங்கள்.

பயிற்சி மைய ஆசிரியர்: கடைசியாக ஒன்று. தேர்வில் 'ஸ்கூல் பஸ்' வந்து, விடைக்குறிப்பு 'அட்ஜெக்டிவ்' என்று சொன்னால் என் மாணவர் என்ன செய்வது?

நான்கு விடைகளில் 'நவுன்' இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள், விடைக்குறிப்பு தவறினால் 'பிரைமரி ஸ்கூல் பஸ்' காரணத்தை எழுதி ஆட்சேபம் அனுப்பலாம். 'நவுன்' இல்லாமல் 'அட்ஜெக்டிவ்' மட்டும் இருந்தால் தயங்காமல் அதைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகட்டும். சண்டையை நாம் இங்கே வைத்துக்கொள்ளலாம்.