"ஓஐசி சொல்லித்தானே அடித்தார்" என்றால் தண்டனை குறையுமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது பொலிஸ் குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தங்கச்சி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் பொலிஸ் சார்ஜன்ட், 18 வருட சேவை, அந்தத் தோட்டத்திலிருந்து பொலிஸுக்குப் போன முதல் ஆள். கோயில் உண்டியல் களவு ஒன்றில் சந்தேகத்தில் பிடித்த 19 வயதுப் பையனை ஸ்டேஷனில் வைத்து அடித்தார் என்று வழக்கு. முதலில் கொழும்பில், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்து நட்டஈடு கட்டச் சொன்னது, கட்டிவிட்டார்கள். இப்போது மேல் நீதிமன்றத்தில் 7 வருடச் சிறை, 10,000 ரூபா தண்டம். தீர்ப்பு வந்து ஆறு நாள். "ஓஐசி (ஸ்டேஷன் பொறுப்பதிகாரி) சொல்லித்தானே சேர் அடித்தார், அவருக்கு ஒன்றும் இல்லையா? ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா? வேலையும் பென்ஷனும் போய்விடுமா? அந்தப் பையனின் அம்மா பக்கத்துத் தோட்டம்தான், காசு கொடுத்து ஒரு கடிதம் வாங்கினால் சரிவருமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு அந்த மேல் நீதிமன்றப் பதிவாளரிடம் போய்ச் சேரவேண்டும். உங்களிடம் மிச்சம் எட்டு நாள்தான். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம், உள்ளே இருப்பவர் சிறைச்சாலை மூலமாகவும் மனுக் கொடுக்கலாம், வருமானம் குறைவு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவையும் கேட்டுப் பார்க்கலாம். மேன்முறையீடு முடியும்வரை பிணை கேட்கலாம்தான், ஆனால் மேல் நீதிமன்றத் தண்டனைக்குப் பிறகு பிணை இலேசில் கிடைக்காது, அதற்கென்று விசேட காரணம் காட்டவேண்டி வரும். அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

சரி, ஓஐசி விஷயம். கடிதத்தில் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் உங்கள் கணவருக்குத் தண்டனை கொடுத்தது 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க சித்திரவதைக்கு எதிரான சட்டம். மேலதிகாரி சொன்னார் என்பது எதிர்வாதமாகாது என்று அந்தச் சட்டத்திலேயே நேராக எழுதியிருக்கிறது. "விசாரிச்சு எடு" என்று ஓஐசி சொன்னார் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனாலும் பொல்லைத் தூக்கிய கை யாருடையது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அதற்காக ஓஐசி தப்பிவிட்டார் என்றும் இல்லை, உடந்தையாக இருந்தவரையும் அதே சட்டம் பிடிக்கும். பையனைக் கூண்டிலிருந்து எத்தனை மணிக்கு எடுத்தார்கள், யார் எடுக்கச் சொன்னது என்பது தகவல் புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். "அவர் சொன்னார், நான் அடித்தேன்" என்று உங்கள் கணவர் இப்போது வாக்குமூலம் கொடுத்தால், அடித்ததை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். மேன்முறையீட்டு வக்கீலோடு இருந்து பேசாமல் யாரிடமும் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய சட்ட வைத்திய அறிக்கையின் பிரதியை மூன்று தடவை வாசித்தேன். கைது செய்யும்போது பையன் தேயிலை மலையில் ஓடி, கானுக்குள் விழுந்ததில் பட்ட காயம் என்று உங்கள் வக்கீல் வாதாடியிருக்கிறார். திமிறுகிற ஆளைப் பிடிக்கும்போது நியாயமான அளவு பலம் பாவிக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு பொலிஸுக்கு இடம் கொடுக்கிறது, உண்மைதான். முழங்காலில் சிராய்ப்பு, முழங்கையில் சிராய்ப்பு என்று மட்டும் இருந்திருந்தால் அந்தக் கதை நின்றிருக்கும். அறிக்கையில் இருப்பது வேறு. இரண்டு உள்ளங்காலிலும் கன்றிப்போன காயம், தொடையில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு, நடுவில் வெளிறிய தோல். அது உருண்டையான தடி விழுந்த தடம், இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கானுக்குள் விழுகிறவனுக்கு இரண்டு உள்ளங்காலும் கன்றாது. விலங்கு போட்டு உட்காரவைத்த பிறகு பாவிக்கிற பலத்துக்கு 23ஆம் பிரிவில் இடமில்லை தங்கச்சி. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பொய் நம்பிக்கையில் நீங்கள் தாலிக்கொடியை அடகு வைக்கக் கூடாது.

அப்படியென்றால் மேன்முறையீட்டில் என்னதான் சொல்வது? அடித்தவர்களில் அவரை அடையாளம் காட்டிய சாட்சி எவ்வளவு உறுதி, அன்று அந்த நேரத்தில் அவர் ஸ்டேஷனில்தான் கடமையில் இருந்தாரா, நடந்தது 'சித்திரவதை' என்கிற அளவுக்குப் போனதா அல்லது தண்டனைச் சட்டக்கோவையின் காயப்படுத்தல் குற்றமா என்பவற்றைத்தான் எடுக்கலாம். குற்றத்தீர்ப்பை மாற்றிக் குறைந்த குற்றமாக்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு. அவ்வளவு காயத்தோடு அது சுலபமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்லிப் போவதில் பெரிய பலன் தெரியவில்லை. சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில் குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம், தண்டம் 10,000 முதல் 50,000 ரூபா வரை. அவருக்குக் கிடைத்தது அடிமட்டத் தண்டனை, ஒத்திவைக்கவும் முடியாது.

இரண்டு தண்டனையா என்று கேட்டீர்கள். இல்லை. சித்திரவதையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதா என்று உயர் நீதிமன்றம் பார்த்தது குற்ற வழக்கே இல்லை, அதில் யாரும் குற்றவாளி ஆவதில்லை, சிறைக்கும் போவதில்லை. சட்டமா அதிபர் போட்டது தனி வழக்கு. பெரிய ஆட்களை விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தேசபந்து தென்னகோனும் வேறு அதிகாரிகளும் 2011இல் ஒருவரைச் சித்திரவதை செய்தார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்த்தது, அதற்குப் பிறகும் 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபர் ஆனார். அந்த ஆண்டு ஜூலையில்தான் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு நிறுத்தியது, 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் பதவி நீக்கியது. உங்கள் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டி உங்கள் கணவரை வெளியே எடுக்க முடியாது.

வேலை. இப்போதே பணி இடைநிறுத்தத்தில் இருக்கிறார், மேல் நீதிமன்றத் தீர்ப்போடு பதவி நீக்கம் வருமென்று எதிர்பாருங்கள். அப்படி நீக்கினால் பென்ஷனும் கூடவே போகும், ஏனென்றால் ஓய்வூதியப் பிரமாணத்தின்படி பென்ஷன் யாருக்கும் முழு உரிமை இல்லை. ஒழுக்காற்று உத்தரவு வந்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் போகலாம், ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம். மேன்முறையீட்டில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பாது, ஒழுக்காற்று விசாரணை தனியாக நடக்கும்.

இனி அந்தப் பையனின் அம்மா. போகாதீர்கள். உங்கள் அண்ணன் போகக்கூடாது, தோட்டத்துத் தலைவரையும் அனுப்பக்கூடாது, திருவிழாவில் கண்டு கதைத்த மாதிரியும் கதைக்கக்கூடாது. இது சமாதானமாக முடிக்கிற வழக்கு இல்லை, அவர்கள் கடிதம் தந்தாலும் தீர்ப்பு மாறாது. பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ பயமுறுத்தி அல்லது ஆசைகாட்டிச் சொன்னதை மாற்றவைப்பது பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் தனிக் குற்றம், நீங்களும் உள்ளே போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 2002இல் வத்தளைப் பொலிஸில் ஆள் மாறிப் பிடித்துச் சித்திரவதை செய்யப்பட்ட ஒருவர், மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சில நாள் இருக்கும்போது, 2004 நவம்பரில் பஸ்ஸுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். நீங்கள் நல்ல எண்ணத்தில் போனாலும், அந்த அம்மா கதவைத் திறக்கும்போது அவருக்குத் தெரியப்போவது பொலிஸ்காரரின் பெண்சாதி லயத்துக்கு வந்து நிற்கிறார் என்பதுதான். அவருடைய மகனும் உங்கள் மகனைப்போல ஒரு லயத்துப் பிள்ளை. வலது கையில் இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது.

குவார்ட்டர்ஸை இன்றே காலி செய்யுங்கள் என்று யாராவது வாயால் சொன்னால் எழுத்தில் அறிவித்தல் கேளுங்கள். வேலை போனது உறுதியானால் எப்படியும் விட வேண்டியதுதான், இப்போதே அம்மா வீட்டில் பேசி வையுங்கள். திங்கட்கிழமை காலையில் நீதிமன்றப் பதிவாளர் கந்தோரில் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் கொடுங்கள், வழக்குக் கோவைப் பதிவின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். பிரதி வரும்வரை காத்திருக்காமல் மனுவை 14 நாளுக்குள் போட்டுவிடுங்கள்.