பிளாஷ் அமுக்கினால் லைன் கட் ஆவது ஏன்? அலுவலகத் தொலைபேசி: கேள்வி–பதில்

வெளியிலிருந்து வரும் அழைப்பை முதலாளி அறைக்கு மாற்ற, ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள கட்டையைத் தட்டுகிறோம். சில நேரம் மாறுகிறது, சில நேரம் கட் ஆகிவிடுகிறது. இன்டர்காம் பெட்டி பழுதா?
– அரிசி ஆலை அலுவலகம், மன்னார்குடி

பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். கட்டையைத் தட்டும்போது லைன் ஒரு கணம் துண்டிக்கப்படுகிறது. அந்த இடைவெளியின் அளவை வைத்துத்தான் நீங்கள் அழைப்பை மாற்றச் சொல்கிறீர்களா, போனை வைத்துவிட்டீர்களா என்று பெட்டி முடிவு செய்யும். விரலால் தட்டினால் அந்த நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. சற்று நீண்டால் நெல் வியாபாரியின் அழைப்பு போய்விடும். பிளாஷ் பொத்தான் இருப்பதே இதற்காகத்தான்: எத்தனை முறை அமுக்கினாலும் அளவு மாறாது.

அந்த அளவும் உங்கள் பெட்டிக்குப் பொருந்த வேண்டும். பல போன்களில் 100, 300, 600 மில்லி விநாடி என்று மாற்றி வைக்கலாம். சில மாடல்களில் அடிப்புறம் சின்ன ஸ்விட்ச் இருக்கும், சிலவற்றில் புரோகிராம் பொத்தான் வழியே மாற்ற வேண்டும். உங்கள் செல்போனிலிருந்து அலுவலக எண்ணுக்கு அழைத்துச் சோதியுங்கள். ஒருவர் எடுத்து பிளாஷ் அமுக்கட்டும். செல்லில் பாட்டோ ஹோல்ட் டோனோ கேட்டால் அளவு சரி. கட் ஆனால் அளவு அதிகம், குறையுங்கள். ஒன்றுமே நடக்காமல் அலுவலகப் பேச்சு தொடர்ந்து கேட்டால் அளவு போதவில்லை, கூட்டுங்கள்.

மாற்றும் முறை: பிளாஷ் அமுக்கி, டயல் டோன் வந்த பிறகு முதலாளியின் எக்ஸ்டென்ஷன் எண்ணை அடியுங்கள். அவர் எடுத்ததும் யார் அழைக்கிறார் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வையுங்கள். அவர் எடுக்காவிட்டால், பெரும்பாலான பெட்டிகளில் மறுபடி பிளாஷ் அமுக்கினால் அழைத்தவர் திரும்பக் கிடைப்பார். அவசரப்பட்டு ரிசீவரை வைத்துவிடாதீர்கள்.

மெமரியில் பதிந்த செல் எண்கள் எதுவும் போவதில்லை. கையால் அடித்தால் போகிறது.
– பாத்திரக்கடை, கும்பகோணம்

இரண்டு காரணங்கள் இருக்கலாம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அழைக்க எண்ணுக்கு முன் 0 கட்டாயம். அதற்கு முன் பதிந்தவை அப்படியே கிடக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று பாஸ் (pause), அதாவது மெமரி சற்று நின்று பிறகு அடிக்க எண்களுக்கு நடுவே பதியும் இடைவெளி. இன்டர்காமில் 9 அடித்தால் வெளி லைன் கிடைக்கச் சிறிது நேரமாகும். கையால் அடிக்கும்போது நாம் டோனுக்குக் காத்திருப்போம், மெமரி காத்திருக்காது. லைன் வருவதற்குள் முதல் ஓரிரு எண்கள் வீணாகிவிடும். ஆகவே 9, பாஸ், 0, பத்து இலக்கம் என்ற வரிசையில் பதியுங்கள். தஞ்சாவூர் லேண்ட்லைன் என்றால் 9, பாஸ், 04362, பிறகு எண். வெளி லைனுக்கே 0 அடிக்கும் பெட்டியாக இருந்தால், செல்லுக்கு அதற்குப் பிறகு இன்னொரு 0 வேண்டும்.

‘தமிழுக்கு 1 அழுத்தவும்’ என்கிறார்கள். அழுத்தினால் ஏற்பதில்லை.
– திருவாரூர்

போன் பல்ஸில் இருக்கிறது, அதாவது எண்ணை ஒலியாக (டோன்) அனுப்பாமல் லைனை விட்டுவிட்டுத் துண்டித்து அனுப்பும் பழைய முறையில். ஸ்விட்சை டோனுக்குத் தள்ளுங்கள். பல போன்களில் நட்சத்திரப் பொத்தானை அமுக்கினால் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் டோன் வரும்.

ஸ்பீக்கரில் பேசினால் எதிராளியின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது.
– உரக்கடை, பட்டுக்கோட்டை

சாதாரண ஸ்பீக்கர் போன் ஒரு நேரத்தில் ஒரு பக்கக் குரலையே விடும். மேஜை விசிறியின் இரைச்சலை அது உங்கள் பேச்சென்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தை அடக்கிவிடுகிறது. போனை விசிறிக் காற்றிலிருந்து தள்ளி வையுங்கள். விலை பேசும்போது ரிசீவர்தான் நல்லது. நடுவில் கடையாளிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்தாதீர்கள், குரல் கசியும். மியூட் அமுக்குங்கள்: நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும். ஹோல்டில் இரண்டுமே கேட்காது.

ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது.
– நாகப்பட்டினம்

பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் வந்தது, அதனால் ஊரே இருண்டாலும் போன் பேசியது. ஃபைபரில் மின்சாரம் வராது, சுவரிலுள்ள மோடத்துக்கு உங்கள் கரண்ட்தான் வேண்டும். அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து (பெரும்பாலும் 12 வோல்ட்) அதற்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். இன்டர்காம் பெட்டி இருந்தால் அதற்கும் தனியே பேட்டரி தேவை. ஐப்பசி மழைக்கு முன்பே ஒருமுறை மெயினை அணைத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துவிடுங்கள்.