‘ஷார்ட்லிஸ்ட் ஆகிவிட்டீர்கள், பணம் கட்டுங்கள்’ என்று மெயில் வந்தால்?

கேள்வி: ஆர்க்கிடெக்சர் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இணையத்தில் பார்த்த ஒரு டிசைன் போட்டிக்குக் கட்டணம் கட்டி என் டிசைன் வரைபடங்கள் அடங்கிய ஷீட்டை அனுப்பினேன். இப்போது ‘முதல் 50 பேரில் வந்துவிட்டீர்கள், உங்கள் வேலை எங்கள் புத்தகத்தில் வரவேண்டும் என்றால் தனியாகப் பணம் கட்டுங்கள்’ என்று மெயில் வந்திருக்கிறது. இதற்கிடையில் ஒரு கன்சல்டன்ட், மேற்படிப்புக்கு முழு ஸ்காலர்ஷிப்பும் அதற்கு முன் வெளிநாட்டில் ஒரு ரெசிடென்சியும் (ஓர் இடத்தில் தங்கி வேலை செய்யும் வாய்ப்பு) வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். மதிப்பெண் பட்டியல்களின் ஒரிஜினலையும் வாங்கி வைத்திருக்கிறார். இதெல்லாம் என் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்கு உதவுமா? கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இரண்டு பேருக்கும்.

முதலில் அந்த மெயில். இப்படிப் போட்டி நடத்துகிறவர்களின் கணக்கு ரொம்ப எளிமையானது. முன்கூட்டியே பதிவு செய்தால் ஒரு கட்டணம், அப்புறம் ஒரு கட்டணம், கடைசி வாரத்தில் இன்னொரு கட்டணம் என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். கடைசித் தேதி வந்ததும் ‘மாணவர்கள் கேட்டுக்கொண்டதால்’ இரண்டு வாரம் நீட்டிப்பார்கள். பரிசுத் தொகையோ வசூலான கட்டணத்தில் ஒரு சிறு துண்டு. மீதிப் பேரைக் கையில் வைத்துக்கொள்ள சிறப்புக் குறிப்பு, ஆசிரியர் குழுவின் தேர்வு, முதல் 50, முதல் 100 என்று விதவிதமான சான்றிதழ்கள். கடைசியில் புத்தகம். அந்தப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதில் பெயர் வந்திருக்கிற மாணவர்களும் அவர்களின் அப்பா அம்மாவும்தான்.

மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்காரும் யாரும் அந்தச் சான்றிதழைப் பொருட்படுத்துவதில்லை. நானும் சில குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழ்ப் பக்கம் வந்ததும் தாண்டிப் போய்விடுவோம், வேலை இருக்கும் பக்கத்தில்தான் நிற்போம். நீங்கள் அனுப்பிய டிசைன் நன்றாக இருந்தால் அது போர்ட்ஃபோலியோவில் தாராளமாக இருக்கட்டும், அதற்கு யாருடைய புத்தகமும் தேவையில்லை.

கட்டணம் வாங்குகிற எல்லாப் போட்டியும் ஏமாற்றா என்று கேட்டால், இல்லை. ஒழுங்காக நடக்கும் போட்டிகள் சிலவும் பதிவுக்கு ஒரு தொகை வாங்குகின்றன. ஆனால் முடிவு அறிவித்த பிறகு ஜெயித்தவரிடமே பணம் கேட்கிற போட்டியில் எனக்கு எந்த மரியாதையும் கிடையாது.

அடுத்த முறை பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது விதிகளை முழுவதும் படிப்பது. இந்தத் துறைக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. சர்வதேசக் கட்டடக்கலைப் போட்டிகளுக்கு யுனெஸ்கோ 1956-இல் விதிமுறை கொண்டுவந்து 1978-இல் திருத்தியது, அதை உலகக் கட்டடக்கலைஞர் சங்கமான யுஐஏ கவனித்துக்கொள்கிறது. முழுவதையும் நீங்கள் படிக்க வேண்டாம். சாரம் இதுதான்: ஜூரியில், அதாவது நடுவர் குழுவில், யார் யார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்களில் பெரும்பான்மையோர் தொழில்முறை வடிவமைப்பாளர்களாக இருக்க வேண்டும், யாருடைய ஷீட் என்று ஜூரிக்குத் தெரியக்கூடாது, டிசைனின் உரிமை டிசைன் செய்தவரிடமே இருக்க வேண்டும். மாணவர் போட்டிகள் பெரும்பாலும் யுஐஏ பக்கமே போவதில்லை என்பது உண்மை, ஆனாலும் இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும். ‘உலகப் புகழ்பெற்ற ஜூரி, பெயர்கள் விரைவில்’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். போன வருடம் ஜெயித்தவர்களின் முழு ஷீட்டும் பார்க்கக் கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரு படமும் ஒரு பெயரும் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உரிமை பற்றிய வரி பெரும்பாலும் விதிகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ‘சமர்ப்பித்த அனைத்தின் உரிமையும் நடத்துபவரைச் சேரும்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரி, பரிசே வாங்காத ஐந்நூறு பேரின் யோசனைகளையும் இலவசமாக அள்ளிக்கொண்டு போகிற வரி. கண்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்பது நியாயம், டிசைனையே எழுதி வாங்குவது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் புரியாவிட்டால் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அந்த வரியை மட்டும் காட்டிக் கேளுங்கள்.

இலவசமானவையும் இருக்கின்றன. 2004-இல் தொடங்கிய வெலக்ஸ் மாணவர் விருது பகல் வெளிச்சத்தை மையமாக வைத்தது, கட்டணம் கிடையாது. 1998-இல் தொடங்கிய பெர்க்லி பரிசு இளநிலை மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி, அதற்கும் கட்டணம் வைக்கவில்லை. ஆனால் கட்டுரை என்றதும் நம் மாணவர்கள் ஓடிவிடுகிறார்கள். ஷீட்டில் ராத்திரி பகலாக உட்காருவார்கள், ஒரு பக்கம் எழுதச் சொன்னால் கை நடுங்கும்.

எழுத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மாணவர்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன மாயா லின் கதையில் எல்லோரும் விட்டுவிடும் பகுதி அதுதான். 1981-இல் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவிடத்துக்கான போட்டிக்கு 1,421 டிசைன்கள் வந்தன. ஜெயித்தவர் இந்த மாயா லின், அப்போது யேல் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவி, வயது 21. அவர் அனுப்பிய ஷீட்டைப் பாருங்கள்: மங்கலான பாஸ்டல் ஓவியங்கள், கறுப்பாக ஒரு முக்கோணம், பக்கத்தில் கையால் எழுதிய விளக்கம். அந்த நினைவிடத்துக்குள் ஒருவர் எப்படி நடந்து இறங்குவார், எங்கே நிற்பார், பெயர்கள் எப்படி விரியும் என்பதையெல்லாம் எழுத்துதான் சொல்கிறது. ஷீட்டில் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும்தான். அனுப்பியது ஒரு மாணவி என்று ஜூரிக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே ‘ரெண்டர் (கம்ப்யூட்டரில் நிஜம் போலச் செய்த படம்) நாங்கள் போட்டுத் தருகிறோம், பரிசு நிச்சயம்’ என்று வருகிற ஆசாமிகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒரே மரம், ஒரே அந்திவானம், பட்டம் விடும் அதே பையன். ஒரே ஆளிடம் பத்துப் பேர் கொடுத்தால் பத்து ஷீட்டும் அண்ணன் தம்பி மாதிரி வந்து நிற்கும், ஜூரிக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். அந்தக் காசில் ஏ1 ஷீட்டை ஏ3 அளவில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, இந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை எதிரே நிறுத்தி, என்ன புரிகிறது என்று கேளுங்கள். அவருக்கு செக்‌ஷன் (கட்டடத்தை நடுவில் வெட்டிக் காட்டும் படம்) எங்கே என்றே கண்ணில் படவில்லை என்றால் ஜூரிக்கும் படாது. அப்புறம், ஷீட்டில் பெயர் இருக்கக்கூடாது என்றால் ஃபைலின் பெயரிலும் இருக்கக்கூடாது, பிடிஎஃப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ‘ஆத்தர்’ என்ற இடத்தில் உங்கள் லேப்டாப்பின் பெயரோ உங்கள் பெயரோ உட்கார்ந்திருக்கும், அதையும் அழியுங்கள்.

நேர்மையாக நடக்கும் போட்டியிலும் இழப்பு இருக்கிறது, அதை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை. ஹெல்சிங்கியில் கட்டுவதாக இருந்த கூகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு 1,715 டிசைன்கள் வந்தன. 2015-இல் வெற்றியாளரை அறிவித்தார்கள், 2016-இல் அந்த நகர மன்றம் திட்டமே வேண்டாம் என்று ஓட்டுப்போட்டுவிட்டது. ஆயிரத்து எழுநூறு அலுவலகங்களின் வாரக்கணக்கான உழைப்பு, பெரும்பாலும் சம்பளமில்லாத ஜூனியர்களின் ராத்திரிகள். இதெல்லாம் தெரிந்தும் கல்லூரிகள் மாணவர்களை வாரத்துக்கொரு போட்டிக்குத் தள்ளுகின்றன. கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் குழு வரும்போது ஃபைலில் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். எந்தப் போட்டி, யார் ஜூரி என்று கேட்கிற ஆள் அந்தக் குழுவிலும் இல்லை. வேலையே செய்யாத ஆசிரியரின் பெயர் ஷீட்டில் முதலில் வருவதும் இதே ஃபைலுக்காகத்தான்.

சரி, உங்கள் கன்சல்டன்ட்டுக்கு வருவோம்.

பெரிய ஸ்காலர்ஷிப் எதையும் ஒரு இடைத்தரகர் ‘வாங்கித் தர’ முடியாது. எல்லாமே நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கிறவை. கன்சல்டன்ட்களில் பலர் பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் வாங்குகிறவர்கள். ஆகவே உங்களுக்கு எந்த இடம் பொருந்தும் என்பதைவிட எந்த இடம் கமிஷன் தரும் என்பதுதான் அவர்களின் பட்டியல். அவர்கள் ‘ஸ்காலர்ஷிப்’ என்று காட்டுவதில் பெரும்பகுதி கட்டணத் தள்ளுபடி. உயர்த்தி வைத்த கட்டணத்தில் கொஞ்சம் குறைத்து, சேருகிற வெளிநாட்டு மாணவர்கள் பலருக்கும் கொடுப்பது. தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் ஒரு பைசா வராது. ‘முழு ஸ்காலர்ஷிப்’ என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மாதச் செலவுக்குப் பணம் யார், எந்தத் தேதியில் என் கணக்கில் போடுவார்கள்? பதில் வழவழ என்று வந்தால் எழுந்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கன்சல்டன்ட்கள் முதலில் சொல்லும் பெயர் அதுதான். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், காட்ட வேண்டும். படித்து முடித்தபின் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். நான்காம் ஆண்டு மாணவருக்கு அதை இப்போதே வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) ஆர்க்கிடெக்சர் முதுநிலைக்கென்றே தனி ஸ்காலர்ஷிப் வைத்திருக்கிறது. அதில் போர்ட்ஃபோலியோவைத்தான் முதலில் பார்ப்பார்கள், விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. உங்கள் மனதில் இருக்கிற வீட்டையோ தெருவையோ பற்றி நீங்கள் எழுத வேண்டிய நோக்க அறிக்கையை கன்சல்டன்ட் ஆபீஸில் ஒருவர் பழைய ஃபைலிலிருந்து பெயரை மாற்றி எடுத்துத் தருவார். சிபாரிசுக் கடிதமும் அப்படித்தான். ஒரே வாக்கியங்கள் இரண்டு விண்ணப்பங்களில் வந்ததைப் பார்த்து இரண்டையும் ஒதுக்கியிருக்கிறோம். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்க எந்தக் குழுவுக்கும் நேரம் கிடையாது.

ரெசிடென்சி விஷயம் இதைவிடத் தெளிவு. அந்தப் பெயருக்கு உரியவை உங்களுக்கு இடமும் நேரமும் தருபவை, பல சமயம் உதவித்தொகையும் தரும். 1907-இல் தொடங்கிய அமெரிக்காவின் மெக்டவல் என்ற ரெசிடென்சி கட்டடக்கலைஞர்களையும் எடுத்துக்கொள்கிறது, தங்கக் கட்டணம் இல்லை, ஆனால் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. பேர்பெற்ற ரெசிடென்சிகள் பலவற்றிலும் இதுதான் நிலை. ஹார்வர்டின் வீல்ரைட் பரிசு ஒரு லட்சம் டாலர், ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்ய, அதுவும் பட்டம் வாங்கியவர்களுக்கு. பட்டம் வாங்கிப் பதினைந்து வருடம் வரை நேரம் இருக்கிறது, அவசரம் இல்லை. உங்களுக்கு இப்போதே விற்கப்படுவது கட்டணம் வாங்கும் ஒர்க்‌ஷாப். மண் சுவர் கட்டவோ மூங்கில் கட்டவோ கற்றுத் தருகிற நல்ல ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன, பிடித்திருந்தால் காசு கொடுத்துப் போய்வாருங்கள், போர்ட்ஃபோலியோவில் ஒர்க்‌ஷாப் என்றே எழுதுங்கள்.

நேரடியாக விண்ணப்பியுங்கள் என்று சொன்னேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல மாணவர்கள் கோட்டை விடுகிறார்கள். சில பெரிய வாய்ப்புகளுக்கு மாணவர் தானாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரிதான் பரிந்துரைக்க வேண்டும். பிரிட்டனின் கட்டடக்கலைஞர் அமைப்பான ரீபா வழங்கும் பிரசிடென்ட்ஸ் மெடல்ஸ், 1836-இலிருந்து வருகிற மரபு, அப்படித்தான். நார்மன் ஃபாஸ்டர் பயண ஸ்காலர்ஷிப்பும் அப்படியே: 7,000 பவுண்ட், முதல் வருடம் முடித்த மாணவராக இருந்தால் போதும், நகரங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்ற மாதிரி ஒரு விஷயத்தை நீங்களே தேர்ந்தெடுத்துப் பயணம் செய்து ஆராயலாம். அழைப்பு கல்லூரிக்கு வரும். வந்தது துறைத் தலைவரின் மெயில் பெட்டியில், கருத்தரங்க விளம்பரங்களுக்கும் சாஃப்ட்வேர் விற்பனைக்கும் நடுவில் கிடக்கும். அவர் திறப்பதற்குள் தேதி போயிருக்கும், அல்லது தனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் காதோடு சொல்லியிருப்பார். நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு குண்டூசி போதும், அதைச் செய்ய ஆள் இல்லை. ஆகவே நீங்களே அந்த அமைப்பின் பக்கத்துக்குப் போய் இந்த வருடத் தேதியையும், உங்கள் கல்லூரி தகுதி உடையதா என்பதையும் பாருங்கள். உடையது என்றால் ஒரு பக்கத்தில் உங்கள் யோசனையை எழுதி, விதிகளின் பிரின்ட்டோடு துறைத் தலைவருக்கு எழுத்துமூலமாகக் கொடுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள், எப்படித் தேர்வு செய்யப்போகிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். வாய்வழியாகக் கேட்டால் ‘பார்க்கலாம்மா’ என்று முடியும். எழுத்தில் கேட்டால் ஏதாவது ஒரு பதில் எழுதியாக வேண்டும். கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது, தனக்கு மட்டும் கேட்கிறாள் என்ற பேச்சு வராது.

இந்த செமஸ்டருக்கு ஒரே ஒரு போட்டி போதும், அதுவும் உங்கள் ஸ்டூடியோ வேலையோடு ஒத்துப்போகிறதாக இருந்தால் மட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கே அந்த கன்சல்டன்ட் ஆபீஸுக்குப் போய் ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல்களை வாங்கிவிடுங்கள். முன்பணம், ஒப்பந்தம் என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ‘கல்லூரியில் சரிபார்க்கக் கேட்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள், வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்ப நிலையில் ஒரு கன்சல்டன்ட்டுக்கு ஒரிஜினல் தேவையே இல்லை, ஸ்கேன் போதும். தர மறுத்தால் கொடுத்ததற்கான ரசீதைக் கேளுங்கள், அதுவும் இல்லை என்றால் எழுத்துமூலமாக ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடவும் மறுத்தால் அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையம். கைக்கு வந்த பிறகு ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒரு மெயில் போட்டால் போதும்.